மாடிக்குக் காத்திருந்த கம்பிகள்

மகன்,

முதலில் ஸலாம். வாசித்ததும் வாய் திறந்து பதில் சொல்லிவிடு. பக்கத்தில் இருப்பவர்கள், கடதாசியோடு பேசுகிறான் என்று சிரித்தால் சிரிக்கட்டும். போனில் சொல்லாமல் இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரி உம்மா, சரி உம்மா" என்று நாலு தரம் சொல்லிவிடுவாய். அந்தச் "சரி" எனக்கு வேண்டாம். அடுத்த கிழமை நீ அந்த விசாரணைக்குப் போவதற்கு முன்னால் இதை ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும். லொறிக்காரத் தம்பி இன்று பின்னேரம் கொழும்புக்குத் திரும்புகிறார், அவர் கையில்தான் கொடுத்து விடப் போகிறேன்.

நீ அனுப்பிய கம்பி நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தது. லொறி ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. பள்ளிவாசல் முடக்கில் நிறுத்திவிட்டு ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள். கம்பி நிலத்தில் இழுபடும் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். "மகன் வேல செய்யிற கொம்பனிக் கம்பியா புள்ள?" என்று கேட்டவர்களுக்கு உன் தங்கச்சி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். அவளுக்கென்ன, அவளுடைய மாடிக்கு வந்த கம்பி. பெருநாள் கழித்து நிகாஹ், மாப்பிள்ளை காத்தான்குடி. மூத்தவள், உன் ராத்தாவின் புருஷன் ஒவ்வொரு கம்பிக்கட்டையும் தட்டிப் பார்த்து, தானே உலையில் நின்று இழுத்து எடுத்தவர் மாதிரி எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணீர் போடப் போனேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அடுப்பைக்கூட நான் பற்றவைக்கவில்லை.

முந்தாநாள் நீ போனில் உன் பேச்சை வாசித்துக் காட்டினாயே, அது அப்போதும் என் காதுக்குள் கிடந்தது. வெளிநாட்டுக் கம்பி மேல் போட்டிருக்கும் வரியை வைத்திருப்பதா, எடுப்பதா என்று கேட்கிற குழுவுக்கு முன்னால், உங்கள் ஆலையின் சார்பில் பேச உன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். எத்தனை எஞ்சினியர்மார் இருந்தும் என் மகனைத் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏன் உன்னை என்றும் எனக்கு விளங்கியது. உன் வாப்பாவின் கதையைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வரியைக் குறைத்ததால் ஓர் ஆலை மூடுபட்டது, அதனால் ஒரு தொழிலாளி கடல் கடந்து போனார், அங்கேயே மவுத்தானார், அவருடைய மகன் நான் என்று. நீ வாசிக்க வாசிக்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன்பிறகு அந்த ஒரு வரி வந்தது: "இந்த வரியால் இந்த நாட்டில் எவருக்கும் எந்தக் கெடுதியும் வந்ததில்லை." அந்த இடத்தில்தான் நான் போனை உன் தங்கச்சி கையில் கொடுத்தேன். வாப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த நேரத்தில் நான் நினைத்தது வாப்பாவை அல்ல, உன் பெரியும்மாவின் மகள் ஹஸ்னாவை.

வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மவுத்தானவர்களின் ரூஹு வீட்டுக்கு வரும் என்று எங்கள் காலத்தில் சொல்லுவார்கள். அப்படி ஒன்றும் கிடையாது என்று மௌலவி சொல்கிறார். படித்தவர், நான் அவரோடு வாதாடப் போவதில்லை. ஆனால் என் வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். உன் வாப்பா வந்து வாசல்படியில் குந்தி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இருப்பார். கழற்றி முடிவதே இல்லை. அவருடைய கழுசானின் கால் விளிம்பில் நெருப்புப் பொறி தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. அவரைக் கண்டு எனக்குப் பயமில்லை. மற்றது தண்ணீர்ச் சத்தம். தலைக்கு மேலே யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மேலே மாடி இல்லை மகன், வெறும் கொங்கிறீட் தட்டுத்தான். ஆனாலும் ஊற்றுகிற சத்தம் கேட்கும், ஊற்றிய தண்ணீர் ஓரத்தால் வழிந்து விழுகிற சத்தமும் கேட்கும். உன் தங்கச்சியிடம் கேட்டால், வாவிக் காற்றுக்கு மேலே நிற்கும் கம்பிகள் ஆடுகின்றன என்கிறாள். இருக்கலாம்.

உன் வாப்பா வேலை செய்த ஆலையைப் பற்றி நீ எழுதியிருப்பது பாதிதான். நீ அப்போது சின்னப் பிள்ளை. மாதத்துக்கு ஒரு தரம் வாப்பா வருவார், பனங்கற்கண்டும் பலூனும் கொண்டுவருவார், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அவர் எனக்குச் சொன்ன கதைகள் வேறு. பழைய இரும்பைக் கொட்டும் முற்றத்தில் ஒரு தரம் நம்முடைய ஊர்க் கடையொன்றின் பெயர்ப்பலகையைக் கண்டாராம். துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளோடு, எழுத்து பாதி அழிந்து கிடந்ததாம். கடைக்காரர் யார் என்று அவருக்குத் தெரியும், அவருக்கு என்ன நடந்தது என்றும் தெரியும். பக்கத்தில் நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் தானே தூக்கி உலைக்குப் போகிற வண்டியில் போட்டாராம். "அது கம்பியாகி எந்த ஊட்டுக்குள்ள போய் இரிக்கிதோ, அல்லாஹ்தான் அறிவான்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

அந்தக் காலத்தில் வெளிக் கம்பிக்கு வரி உச்சத்தில் இருந்தது. ஆலைக்கு நல்ல காலம் என்று சொல்லுவார்கள். முதலாளிக்கு நல்ல காலம்தான். ஒரு லீவில் வாவி இறால் ஆக்கிக் கொடுத்தேன், தின்றுகொண்டே சொன்னார்.

"கம்பி இழுக்கிற உருளையெல்லாம் தேஞ்சி போச்சி புள்ள. ஒரு கம்பி மொத்தமா வருது, மத்தது மெலிசா வருது. புதுசு மாத்துங்க எண்டு சொன்னா, முதலாளி சிரிக்கிறார். 'இத உட்டா எங்க போய் வாங்கப் போறானுகள்' எண்டு கேக்கிறார்."

"அப்ப வாங்கிற சனம்?" என்று கேட்டேன்.

"வாங்கும். வேற என்னத்தச் செய்யிற?"

நான் அப்போது இதைப் பெரிதாக எடுக்கவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, உன் ராத்தாவின் பெயரில் இந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. முதலாளியின் அலட்சியத்தைப் பற்றிக் கவலைப்பட எனக்கு எங்கே நேரம்? ஆனால் மகன், அரசாங்கம் மாறி வரியைக் குறைத்தபோது அந்த ஆலையால் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. வெளிக் கம்பி டவுன் கடைகளில் வந்து இறங்கியது. ஒரே மொத்தம், ஒரே நீளம், விலையும் குறைவு. வேலை போய் வீட்டில் இருந்த வாப்பா ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஹாட்வெயார்க் கடைக்குப் போனார். அந்தக் கம்பியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கடை நீளத்துக்கு நடந்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். "நல்ல கம்பிதான் புள்ள" என்றார். தன்னுடைய சோற்றைப் பறித்த கம்பியை அப்படிச் சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்? உன் வாப்பாவுக்கு வந்தது. நீ உன் பேச்சில் இதைச் சேர்க்கவில்லை, உனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அதற்குப் பிறகுதான் அவர் வளைகுடாவுக்குப் போனார், கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலைக்கு. உருக்கி இழுத்த கை கட்டவும் பழகிக்கொள்ளும் என்று என்னைத் தேற்றினார். சூடு தாங்காமல் மேலே வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே விழுந்தார் என்று அறிவித்தார்கள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். நான் கைம்பெண்ணாக இத்தா இருந்த அறைக்குள் இருந்துகொண்டு, அவருடைய கபுறு எந்தப் பக்கம் இருக்கும் என்று திசை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. அடக்கியதைக் கண்ணால் காணாததால்தான் அவர் சப்பாத்தைக் கழற்றி முடிக்காமல் இருக்கிறாரோ என்று சில நேரம் நினைப்பேன். ஆகவே, ஆலைக்கு வரி என்ற காப்பு வேண்டும் என்று நீ சொல்வதை நான் எதிர்க்க மாட்டேன். வாசலைத் திடீரென்று அகலத் திறந்துவிட்டால் யார் மிதிபடுவார்கள் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இனி உன் பெரியும்மா வீட்டுக்கு வா. அந்த நேரம் நீ கடைசிப் பரீட்சையில் இருந்தாய், மையித்தை அடக்க மட்டும் வந்து திரும்பிப் போனாய். உனக்கு யாரும் முழுக்கச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நம்முடைய பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. இரண்டு பெண்பிள்ளை என்றால் கீழே மூத்தவளுக்கு, மேலே இளையவளுக்கு. காணி துண்டு துண்டாகப் போன ஊரில் வேறு என்ன செய்வது? அதனால் கீழ்வீட்டைக் கட்டும்போதே தூண்களின் தலையில் கம்பியை நீட்டி விட்டுவிடுவோம், இளையவள் வளர்ந்ததும் அதிலிருந்து மேலே தூக்கலாம் என்று. ஏறாவூரில் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் அண்ணாந்து பார், வீட்டுக்கு வீடு தலையில் கம்பி நிற்கும். அந்த வீட்டில் இன்னும் கலியாணம் ஆகாத ஒரு குமர் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். கலியாணத் தரகர்மார் கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறப்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் வாவி, நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மூடாத கம்பி. உப்புக்காற்று அதைச் சும்மா விடுமா?

உன் பெரியவாப்பா கஞ்சன் அல்ல. கொடுத்துக் கொடுத்தே கெட்ட மனிதர். இளையவள் ஹஸ்னாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே மாடிக்குக் கம்பி சேர்க்கத் தொடங்கினார். ஆனால் அவர் வேளாண்மை வெட்டி நெல் விற்கும்போதெல்லாம் கம்பி விலை அவரை முந்திக்கொண்டு ஏறிவிடும். வரி மறுபடியும் கூடியிருந்தது. வெளிக் கம்பி கடையில் இல்லை, இருப்பதை அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். "வாற போகத்தில பாப்பம்" என்பார். அந்தப் போகமும் போய்விடும். மேலே கம்பி காத்துக்கொண்டு நிற்கும். பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன வருஷம் வந்தது, விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. விலை முழுக்க வரியால்தான் ஏறியது என்று நான் சொல்லவில்லை மகன், எனக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது. ஆனால் ஏற்கெனவே மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்த மனிதரின் தலையில்தான் அதுவும் வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஹஸ்னாவுக்கு நல்ல சம்பந்தம் பொருந்தியது. இனி காத்திருக்க முடியாது. பெரியவாப்பா என்ன செய்தார்? எல்லாரும் செய்வதைச் செய்தார். மொத்தக் கம்பி கேட்ட இடத்தில் மெல்லியதை வாங்கினார். நெருக்கிக் கட்ட வேண்டியதைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டச் சொன்னார். தூண் தலையில் துருப்பிடித்து நின்ற பழைய கம்பியைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, அதிலேயே புதியதைச் சேர்த்துக் கட்டினார்கள். நான் அன்று அங்கே நின்றேன்.

"மச்சான், இந்தக் கம்பி அரவாசியாப் போயிரிக்கே" என்றேன்.

"மேல்துருதான் புள்ள, உள்ளுக்க நல்ல இரும்பு" என்றார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உடைச்சிப் புதுசா எழுப்புறத்துக்கு என்னட்ட என்ன இரிக்கி?" என்றார்.

என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

கொங்கிறீட் போட்ட பிறகு அது இறுகும் வரைக்கும் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை ஹஸ்னா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. காலையிலும் பின்னேரத்திலும் கிணற்றிலிருந்து குடத்தில் அள்ளி, ஏணியால் ஏறி, தன்னுடைய வீட்டுக்குத் தானே தண்ணீர் ஊற்றினாள். நான் போனால் மேலே நின்று கூப்பிடுவாள்: "சாச்சி, வாங்க, வாவி தெரியிது இங்கரிந்து. என்ட ரூமுக்கு ஜன்னல் இந்தப் பக்கம்தான் வைக்கப் போறன்." எனக்கு ஏணி ஏறப் பயம். நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தட்டைத் தாங்கிய முட்டுக்களைக் கழற்றிய அன்றைக்கு மத்தியானம், கீழே முன்வாசலில் கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள். முன்மூலைத் தூண் அடியோடு நழுவியது. முன்பக்கத் தட்டு முழுவதும் அவள் மேல் இறங்கிவிட்டது. நான் வந்தபோது தூசு இன்னும் அடங்கவில்லை. உன் பெரியும்மா கொங்கிறீட்டைக் கையால் கிண்டிக்கொண்டிருந்தா. அவவின் விரல்களை நான் இதில் எழுத மாட்டேன்.

மணல் சரியில்லை என்று ஒருவர் சொன்னார், மேசன் சரியில்லை என்று ஒருவர், முட்டு அவசரப்பட்டுக் கழற்றியது என்று ஒருவர். உடைந்த தூணுக்குள் பழைய கம்பி பென்சில் கூர் மாதிரி மெலிந்து கிடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். உன் பெரியவாப்பா அதற்குப் பிறகு மேலே ஒரு கல் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் ஸுபஹு தொழுதுவிட்டு ஹாட்வெயார்க் கடை திறக்கும் வரைக்கும் வாசலில் நிற்பார். திறந்ததும், "கம்பி இண்டைக்கு என்ன வில?" என்று கேட்பார். கடைக்காரப் பெடியனும் பாவம், மரியாதையாக விலையைச் சொல்லுவான். "ஓம், சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இன்று காலையும் போனார். விலை குறையும் வரைக்கும் அவர் போவாரா, குறைந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "உம்மா, அது துரு, அது மேசன் வேலை, வரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பாய். ஓம், துருதான். உன் வாப்பாவைக் கொன்றதும் சூடுதான், அங்கிருந்து அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்தச் சூட்டுக்குள் அவர் ஏன் போனார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் நடந்துபோய், கடைசியில் வரியைக் குறைத்த இடத்தில் நிற்கிறாய் அல்லவா? அதே மாதிரி இந்தத் துருவிலிருந்தும் பின்னால் நடந்து பார். கம்பி ஏன் அத்தனை வருஷம் காற்றில் நின்றது? ஏன் மெல்லியது வாங்கினார்கள்? நடந்தால் எங்கே போய் நிற்பாய் என்று நீயே பார். ஒரு சாவுக்கு மட்டும் அவ்வளவு தூரம் நடந்துவிட்டு, மற்றச் சாவின் பக்கத்தில் அசையாமல் நின்றால் அது கணக்கு இல்லை மகன். அது கொம்பனிக்குச் சேவகம்.

ஆலை மூடினால் கேற்றடியில் இருநூறு பேர் ஒன்றாக நிற்பார்கள், படம் எடுக்கலாம், பத்திரிகையில் போடலாம். வரியைக் கட்டுகிறவர்கள் அப்படி ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். ஏறாவூரில் ஒருவர், மாங்கேணியில் கரைவலைக்காரர் ஒருவர், இன்னும் எங்கேயோ ஒரு கைம்பெண், ஆளுக்கு நாலு கம்பி குறைத்து வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விலை ஏறினால் சனம் வாங்காமல் விடும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். நம்முடைய சனம் விடாது, விட முடியாது. வீட்டில் குமர் இருக்கும்போது எப்படி விடுவது? மெலிதாக்குவார்கள், தள்ளிக் கட்டுவார்கள், காத்திருப்பார்கள். தாங்களே வரியைக் கட்டினோம் என்றும் அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் நஸீபு, விதி என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள்.

இந்த வீட்டுக்கு வருகிறேன். எங்கள் தட்டின் மேல் நிற்கும் கம்பியை உன் வாப்பாதான் லீவில் வந்து கட்டிவிட்டுப் போனார். மழை படாமல் ஒவ்வொன்றின் தலையிலும் தயிர்ச்சட்டியைக் கவிழ்த்துவிட்டார், உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கல்லால் எறிந்து இரண்டை உடைத்தாய். அவர் கை பட்ட கம்பி. நேற்று நாவற்குடா மேசனை வரச் சொல்லி அதை அடியோடு வெட்டச் சொல்லிவிட்டேன். தூணையும் நிலத்திலிருந்து புதிதாக எழுப்பப் போகிறார்கள், நீ அனுப்பிய கம்பியால். உன் கம்பி நல்ல கம்பிதான், நானும் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். ஆனால் இப்படிக் கட்டினால் பெருநாளுக்குள் வேலை முடியாது. மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போன் எடுத்து, வீடு பிந்தும், புள்ளையைப் பிந்தாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டா. "உங்கட ஊட்டுத் தலையிலயும் கம்பி நிக்கிதுதானே, போய் ஒரு தரம் தட்டிப் பாத்திட்டு எனக்குப் போன் எடுங்க" என்று நான் சொன்னேன். இன்று காலை எடுத்தா. சரி என்றா.

இப்போது உன் பேச்சு. உன் வாப்பாவை அந்தச் சபையில் கொண்டுபோய் நிறுத்து. அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. ஆனால் அவரைத் தனியே நிறுத்தாதே. பக்கத்தில் ஹஸ்னாவையும் நிறுத்து. காப்பு வேண்டும் என்று கேள். கேட்கும்போதே, எத்தனை வருஷத்துக்கு வேண்டும், அந்த வருஷங்களுக்குள் நாங்கள் எந்த உருளையை மாற்றுவோம், எந்தக் கம்பியைச் சீராக்குவோம், அதன்பிறகு எப்போது எங்கள் காலில் நிற்போம் என்றும் சொல். இந்தக் காப்புக்கு ஊரில் யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் சொல். வரி நல்லதா கெட்டதா என்று கடைசி முடிவு சொல்ல எனக்குத் தெரியாது. அதை அவர்கள் முடிவெடுக்கட்டும். ஆனால் முடிவெடுக்கிறவர்களுக்கு முன்னால் இரண்டு மையித்தும் கிடக்க வேண்டும். எவருக்கும் கெடுதி வந்ததில்லை என்ற அந்த வரியை மட்டும் உன் வாயால் சொல்லாதே. அதைச் சொன்னால் நீ உன் பெரியவாப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாய்? நான் வியாழக்கிழமை அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்பேன்?

உன் முதலாளிக்கு இது பிடிக்காது. வேலை போனாலும் போகும். உன் வேலை போவது என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாது மகன். உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று நான் அறிவேன். இந்த வேலை போனால் நீயும் அந்தப் பாலைவனத்துக்குத்தான் பிளேன் ஏறுவாய். படிப்பு முடிந்த கையோடு நீ எடுத்த பாஸ்போட் காணாமல் போய், வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாயே. பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று நான்தான் சொன்னேன். விழவில்லை. என் அலுமாரியில், என்னுடைய நிகாஹ் சாரியின் மடிப்புக்குள்தான் இருந்தது. உனக்குத் தெரியாமல் நான் எடுத்து ஒளித்தேன். நீ இந்த நாட்டிலேயே வேலை தேடி அந்த ஆலைக்குப் போனபோது, என் துஆ கபூலாயிற்று என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

அந்தப் பாஸ்போட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காலம் இன்னும் முடியவில்லை, பார்த்துவிட்டேன். எடுத்துக்கொள். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருக்காதே மகன். சொல்லாமல் எவ்வளவு தூரமானாலும் போ, நான் தாங்கிக்கொள்கிறேன்.

உன் உம்மா